உறைக்குள் இருக்கும் பச்சைக்காய் எது?

சென்ற ஆண்டு ஜூலையில் கோத்தகிரியை அடுத்த ஓர் ஊருக்கு அவரைப் பந்தலைப் பார்க்கப் போயிருந்தேன். வேலை முடிந்து கிளம்பும்போது அந்த வீட்டு அக்கா ஒரு முறத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். காகிதம் போன்ற உறைக்குள் சிறு சிறு பச்சைக் காய்கள். "தம்பி, முந்தாநாள் இதில்தான் சட்னி அரைத்தேன். இரவெல்லாம் மூன்று பேருக்கும் வாந்தி, வயிற்றுவலி. மிளகாய் கூடிவிட்டதோ?" என்று கேட்டார். பெங்களூரில் இருக்கும் மகள் ஒரு சமையல் காணொளி அனுப்பியிருந்தாள். அதில் மெக்சிகோக்காரர்கள் இதே மாதிரிக் காயைச் சுட்டு அரைத்தார்களாம்.

மிளகாய் மீது பழி இல்லை. காணொளியில் இருந்தது டொமட்டில்லோ. முறத்தில் இருந்தது பழுக்காத கூஸ்பெரி, அதாவது கேப் கூஸ்பெரி; நெல்லிக்காய் அல்ல.

நீலகிரியில் தோட்டக்கலை ஆலோசகனாகச் சுற்றி வரும் எனக்கு இந்தக் குழப்பம் புதிதல்ல. இரண்டும் ஒரே இனத்துச் செடிகள். சமவெளியில் பிள்ளைகள் நெற்றியில் அடித்து உடைத்து விளையாடும் சொடக்குத் தக்காளியும் இவற்றுக்கு உறவுதான். டொமட்டில்லோ மெக்சிகோவின் காய். கூஸ்பெரி தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலையிலிருந்து வந்து, நம் தேயிலைத் தோட்டத்து ஓரங்களிலும் வேலிகளிலும் தானாக முளைக்கும் அளவுக்கு ஊரோடு ஒன்றிவிட்டது. ஆபத்து எங்கே என்றால், உண்ணும் பருவத்தில். டொமட்டில்லோவைப் பச்சையாக இருக்கும்போதே பறித்துச் சமைப்பார்கள். கூஸ்பெரியோ ஆரஞ்சு மஞ்சளாகப் பழுத்த பிறகுதான் உணவு. பச்சைக் காயில் சோலனைன் போன்ற நச்சுப் பொருள்கள் உண்டு. கொதிக்க வைப்பதால் அவை போய்விடுவதில்லை. இந்த இனத்துச் செடிகள் எதிலும் இலை, தண்டு, உறை ஆகியவற்றைச் சமைக்கக் கூடாது. தெரியாமல் சாப்பிட்டு வாந்தி தொடங்கினால் மருத்துவமனைக்குப் போகும்போது காயோடு ஒரு கிளையையும் கையில் கொண்டு போங்கள். மருத்துவர் உடனே முடிவெடுக்க அது உதவும்.

எப்படிப் பிரித்தறிவது? பலர் பூவைப் பார்க்கிறார்கள். பூ இங்கே துணை நிற்காது. இரண்டுக்குமே மஞ்சள் இதழ், நடுவில் கரும்புள்ளிகள். இலையைத் தொட்டுப் பாருங்கள். கூஸ்பெரி இலை இதய வடிவில், வெல்வெட் துணிபோல மெத்தென்று மயிரடர்ந்து இருக்கும். டொமட்டில்லோ இலை வழுவழுப்பானது, ஓரத்தில் பற்கள் கொண்டது. அடுத்து, உறை. கூஸ்பெரிக்கு உறை பெரிது, காய் சிறிது; ஆட்டினால் உள்ளே அசையும். டொமட்டில்லோ வளர வளர உறையை முழுதாக நிரப்பி, முற்றும்போது கிழித்துக்கொண்டு வெளியே தெரியும். உறையை உரித்தால் விரலில் பிசின்போல ஒட்டும். குறுக்கே வெட்டினால் தக்காளியின் சாறும் கூழும் இராது, வெளிர்பச்சையாக இறுகிய சதைதான் இருக்கும். பூ வெளிர்நீலமாக, உறை ஐந்து மூலையாக, உள்ளே உலர்ந்த பழுப்புக் காயாக இருந்தால் அது வேறொரு களைச்செடி, நச்சுள்ளது. அதன் பக்கமே போக வேண்டாம்.

பெயரிலும் ஒரு சிக்கல் உண்டு. டொமட்டில்லோ விதை கேட்டுப் போனவருக்கு மரத்தக்காளி நாற்றைக் கொடுத்து அனுப்பிய கதையை நானே பார்த்திருக்கிறேன். முட்டை வடிவில் சிவந்து தொங்கும் நம் ஊட்டி மரத்தக்காளிக்கு நியூசிலாந்தில் 1967இல் வைத்த வியாபாரப் பெயர் டமரில்லோ. காதுக்கு ஒன்றுபோல ஒலிக்கிறது, அவ்வளவுதான்.

டொமட்டில்லோ வளர்ப்பதில் எல்லோரும் தடுக்கி விழும் இடம் ஒன்று இருக்கிறது. குன்னூரில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ஒரே ஒரு செடியைப் பிள்ளைபோல வளர்த்தார். இடுப்புயரம், செடி முழுக்கப் பூ, ஆனால் ஒரு காய்கூட இல்லை. என்ன உரம் போடுவது என்று கேட்டார். உரம் போதும் ஐயா, துணைதான் இல்லை என்றேன். டொமட்டில்லோ தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது. விதையிலிருந்து வந்த இரண்டு செடிகளாவது அருகருகே வேண்டும். மூன்று நான்கு இருந்தால் இன்னும் நல்லது. அவரும் சுறுசுறுப்பாக அதே செடியில் கிளை வெட்டி நட்டு வேர்பிடிக்க வைத்தார். அதுவும் பயன்படவில்லை, ஏனெனில் அது இரண்டாவது செடி அல்ல, அதே செடிதான். மகரந்தத்தைச் சுமந்து செல்வது தேனீ. ஆகவே பூக்கும் காலத்தில் காலை வேளையில் பூச்சிமருந்து தெளிக்காதீர்கள், பக்கத்துத் தோட்டத்துக்காரரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பனி இதற்கு எமன். ஊட்டிப் பக்கத்துப் பள்ளங்களில் ஜனவரியில் நட்டால் ஒரே இரவில் கருகிவிடும். பிப்ரவரி கடைசியில் குழித்தட்டில் விதைத்து, ஏப்ரலில் மூன்றடி இடைவெளியில், தண்டு சிறிது புதையும்படி நடுவது எனக்குப் பிடித்த முறை. தொட்டபெட்டா தென்மேற்குப் பருவமழையைத் தடுத்துக்கொள்வதால், கோத்தகிரிப் பக்கத்தில் அக்டோபர் மழைக்கு முன்பே பெரும்பகுதியை அறுவடை செய்துவிடலாம். மேற்கே உள்ளவர்களுக்கு மழை மறைப்பு இல்லாமல் சரிப்படாது, இலைக்கருகல் வந்துவிடும். படர்ந்து சாயும் செடி, குச்சி நட்டுக் கட்டுங்கள். உருளைக்கிழங்கு எடுத்த நிலத்தில் உடனே வைக்க வேண்டாம்.

விதை பற்றிச் சற்று அழுத்தமாகவே சொல்கிறேன். வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவரும் விதையை வாங்காதீர்கள். இறக்குமதி அனுமதியும் தாவரநலச் சான்றிதழும் இல்லாமல் விதை கொண்டுவருவதை 2003ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணை அனுமதிப்பதில்லை. வைரஸ் நோய்கள் விதையோடு வரும். வெளியிலிருந்து வந்து சேர்ந்த ஒன்று என்ன செய்யும் என்பது நம் மலைக்குத் தெரியும். 1961இல் ஊட்டியில் கண்டறியப்பட்ட உருளைக்கிழங்கு முட்டைக்கூடு நூற்புழு இன்றும் நம் நிலத்தை விட்டுப் போகவில்லை.

காய் கிடைத்துவிட்டால் சமையல் எளிது. உறையை உரித்து, வெதுவெதுப்பான நீரில் பிசின் போகக் கழுவி, தோசைக்கல்லில் கருக வாட்டுங்கள். பச்சைமிளகாய், பூண்டு, சின்ன வெங்காயம் ஆகியவற்றையும் கூடவே சுட்டு, கொத்தமல்லித் தழையும் உப்பும் சேர்த்து அம்மியில் அரைத்தால் மெக்சிகோவின் பச்சைச் சட்னி தயார். அவர்களும் கல்லில்தான் அரைக்கிறார்கள். புளிப்பு இதிலேயே இருப்பதால் புளி தேவையில்லை, பருப்பிலும் போடலாம். உறையோடு காகிதப் பையில் வைத்தால் குளிர்பதனப் பெட்டியில் இரண்டு மூன்று வாரம் கெடாது.

அந்த அக்கா இந்த ஆண்டு நான்கு டொமட்டில்லோச் செடிகள் வைத்திருக்கிறார். வேலியோரத்துக் கூஸ்பெரியையும் அவர் வெட்டவில்லை. உறை காய்ந்து வைக்கோல் நிறமாகி, பழம் தானாக உதிரும்வரை காத்திருந்து பேரனுக்குப் பொறுக்கிக் கொடுக்கிறார்.