பூனையின் கிண்ணமும் நாயின் கணையமும்

"வீட்டில் ஒரு நாயும் ஒரு பூனையும் இருக்கின்றன. பூனைக்கு வைக்கும் கேட் ஃபுட்டை நாய் தினமும் தின்றுவிடுகிறது. ஏதாவது ஆகுமா?" என்று திருநெல்வேலியிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பூனை உணவு நாய்க்கு விஷம் இல்லை. சாக்லேட், திராட்சை, வெங்காயத்துக்குப் பயப்படுவது மாதிரி இதற்குப் பயப்பட வேண்டியதில்லை. எப்போதாவது ஒரு வாய் திருடித் தின்றால் பதற வேண்டாம். மிஞ்சிப்போனால் ஒரு வாந்தி, ஒரு பேதியோடு நின்றுவிடும். ஆனால் "தினமும்" என்கிறார் வாசகி. அங்கேதான் எனக்குக் கவலை. சின்ன உருவ நாயாக இருந்து, ஒரே மூச்சில் கிண்ணத்தைக் காலி செய்தால் அதுவும் கவலைதான்.

இரண்டு உணவுப் பைகளின் பின்பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள். விலங்குத் தீவனத்துக்கு விதிகள் வகுக்கும் அமெரிக்காவின் ஆஃப்கோ அமைப்பு சொல்லும் குறைந்தபட்ச அளவுகளைப் பல நிறுவனங்கள் பின்பற்றுகின்றன. ஈரத்தைக் கழித்துவிட்டுக் கணக்குப் போட்டால், வளர்ந்த நாய்க்குப் புரதம் 18 சதவீதம், கொழுப்பு 5.5 சதவீதம். வளர்ந்த பூனைக்குப் புரதம் 26, கொழுப்பு 9. கடையில் கிடைக்கும் உணவுகளில் பெரும்பாலும் இதைவிடக் கூடுதலாகவே இருக்கும்.

பூனைக்கு ஏன் இவ்வளவு புரதம்? அதன் ஈரலைத்தான் கேட்க வேண்டும். புரதம் குறைவாகக் கிடைக்கும் நாட்களில் நம் ஈரல், புரதத்தை எரிக்கும் நொதிகளைக் குறைத்துச் சிக்கனம் பிடிக்கும். நாயின் ஈரலும் அப்படியே. பூனையின் ஈரலில் அந்த எரிப்பு, மூடாத குழாய் மாதிரி ஏறக்குறைய எப்போதும் திறந்தே கிடக்கிறது. எலியையும் பறவையையும் தின்றே வந்த பரம்பரைக்கு அதை மூடிவைக்கும் தேவை வந்ததில்லை. நாய் மனிதனோடு ஒட்டிக்கொண்டு மாவுச்சத்துக்குப் பழகிய இனம். மாவைச் செரிக்கும் அமைலேஸ் நொதிக்கான மரபணு ஓநாயிடம் 2 பிரதிகள். நாய்களிடம் 4 முதல் 30 வரை. ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-ல் இதை வெளியிட்டார்கள்.

சரி, கூடுதல் புரதத்தை ஆரோக்கியமான நாயின் சிறுநீரகம் யூரியாவாக வெளியேற்றிவிடும். சிறுநீரகக் கோளாறு உள்ள நாய் என்றால் பூனைக் கிண்ணத்தின் பக்கமே விடாதீர்கள். மற்ற நாய்களுக்குச் சிக்கல் கொழுப்பில் இருக்கிறது.

'நாய் வயிற்றில் நெய்ச்சோறு தங்காது' என்று நம் ஊரில் சொல்வார்கள். தகுதியில்லாதவன் என்று ஒருவரைத் திட்டுவதற்கு நாயை இழுக்கும் சொல் அது. நாய்க்குச் செய்கிற அநியாயம் என்றே நினைக்கிறேன். அலாஸ்காவில் பனியில் வண்டி இழுக்கும் நாய்கள் பந்தய நாட்களில் நாளொன்றுக்கு 10,000 கலோரி வரை உண்கின்றன. அதில் பாதிக்கு மேல் கொழுப்பிலிருந்து வருவது. எல்லாம் செரிக்கிறது. பழகிய வயிறு, ஓடுகிற உடம்பு. வீட்டுக்குள்ளேயே படுத்துக் கிடக்கும் நாயின் வயிற்றில் பழக்கமில்லாத கொழுப்பு மொத்தமாக இறங்கும்போதுதான் கணையம் மாட்டிக்கொள்கிறது.

இந்தக் கணையத்தைப் பற்றி எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை. இறைச்சியைக் கரைக்கிற சாற்றை அது உண்டாக்குகிறது. ஆனால் கணையமே இறைச்சிதானே? தன்னையே அது ஏன் கரைத்துக்கொள்வதில்லை?

கணையம் அந்த ஆயுதத்தைப் பூட்டிய நிலையில் தயாரிக்கிறது. புரதத்தை வெட்டும் முக்கிய நொதி டிரிப்சின். கணைய செல்லுக்குள் அது டிரிப்சினோஜன் என்ற வடிவத்தில் இருக்கும். இரண்டுக்கும் வித்தியாசம் சங்கிலியின் முன்நுனியில் ஒட்டியிருக்கும் சில அமினோ அமிலங்கள் மட்டுமே. அந்தச் சிறு வால் இருக்கும்வரை மூலக்கூறின் ஒரு பகுதி இறுக்கமில்லாமல் தொளதொளவென்று இருக்கும். இரையைப் பிடிக்கும் குழி சரியாக உருவாகியிருக்காது.

பூட்டைத் திறக்கும் சாவி கணையத்தில் இல்லை. முன்சிறுகுடலின் சுவரில் இருக்கிறது. அதன் பெயர் என்டெரோகைனேஸ். அந்த வாலில் வரிசையாக நான்கு ஆஸ்பார்ட்டிக் அமிலங்களும் அதையடுத்து ஒரு லைசினும் நிற்கும். அந்த வரிசையை அடையாளம் கண்டு, லைசினுக்குப் பின்னால் ஒரே ஒரு வெட்டு. அடுத்து நடப்பதுதான் என்னைச் சொக்க வைப்பது. வெட்டுப்பட்டதும் புதிதாக வெளிப்படும் நுனி மடங்கி, மூலக்கூறின் உள்ளே நுழைந்து, அங்கே எதிர்மின்னூட்டத்தோடு காத்திருக்கும் 194-ஆம் இடத்து ஆஸ்பார்ட்டிக் அமிலத்தைப் பிடித்துக்கொள்கிறது. தாழ்ப்பாள் விழுந்த மாதிரி எல்லாம் இறுகுகிறது. குழி உருவாகிறது. டிரிப்சின் விழித்துக்கொள்கிறது. விழித்த ஒன்று மற்ற டிரிப்சினோஜன்களையும், கணையத்திலிருந்து வந்த வேறு பல நொதிகளையும் வரிசையாக எழுப்பிவிடும். இத்தனையும் குடலுக்குள், உணவின் நடுவே.

இதை நமக்குச் சொல்லிக் கொடுத்ததே நாய்கள்தான். பாவ்லோவ் என்றால் மணியும் எச்சிலும்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். ஆனால் 1904-ல் அவர் நோபல் பரிசு பெற்றது செரிமான ஆய்வுக்காக. செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் அவருடைய ஆய்வகத்தில் 1899-ல் ஷெபோவால்னிகோவ் என்ற மாணவர், நாயின் கணையத்திலிருந்து எடுத்த சாற்றோடு கொஞ்சம் குடல் சாற்றைச் சேர்த்தார். தனியாக இருந்தபோது மந்தமாகக் கிடந்த கணையச் சாறு, புரதத்தைக் கரைத்துத் தள்ளியது. குடல் சாற்றில் இருந்த என்டெரோகைனேஸை 'நொதிகளின் நொதி' என்று பாவ்லோவ் கொண்டாடினார். அன்று அதனால் யாருக்கும் காசு வரவில்லை. இன்று மரபணுத் தொழில்நுட்பத்தில் புரதங்களை வேண்டிய இடத்தில் நறுக்க இதே என்டெரோகைனேஸும் ஒரு கத்தி. 'இதனால் உடனே என்ன பயன்?' என்று கேட்டே அடிப்படை ஆராய்ச்சிக்குப் பணம் தர மறுப்பவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்ல ஆசை. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று நம்மிடம் இத்தனை நாட்டு இனங்கள் இருக்கின்றன. அவற்றின் குடலையும் கணையத்தையும் பற்றி நம் கால்நடைக் கல்லூரிகளில் இன்னும் நிறைய ஆய்வு நடக்க வேண்டும், அதற்கு அரசு தாராளமாகச் செலவழிக்க வேண்டும் என்பது என் கருத்து.

கணையத்துக்கு வருவோம். கொழுப்பு முன்சிறுகுடலைத் தொட்டதும் கோலெசிஸ்டோகைனின் என்ற ஹார்மோன் சுரந்து, 'சாற்றை அனுப்பு' என்று கணையத்தை விரட்டும். விரட்டல் அளவு மீறினால் செல்லுக்குள்ளேயே குளறுபடி. டிரிப்சினோஜன் இருக்கும் பைகளும், செல்லின் குப்பையை அரைக்கும் லைசோசோம் பைகளும் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. லைசோசோமில் உள்ள கதெப்சின் பி என்ற நொதி அந்த வாலை வெட்டிவிடும். சாவி இல்லாமலே பூட்டு திறந்துவிடுகிறது, அதுவும் வீட்டுக்குள்ளே. ஒன்றிரண்டு டிரிப்சின் என்றால் அடக்குவதற்குக் கணையமே ஒரு தடுப்புப் புரதத்தைக் கூடவே வைத்திருக்கிறது. நிறைய விழித்துவிட்டால் அதனாலும் முடியாது. கணையம் தன்னையே செரிக்கத் தொடங்கும். இதுதான் கணைய அழற்சி. மினியேச்சர் ஷ்னாசர் இன நாய்களுக்கு இது வரும் வாய்ப்பு அதிகம்.

என் தங்கை வீட்டுப் பொமரேனியனுக்கு இது வந்தது. பூனைக்கு என்று பிரித்து வைத்த 85 கிராம் பாக்கெட் இரண்டை ஒரே மாலையில் நக்கித் தீர்த்திருக்கிறது. மறுநாள் காலை மஞ்சளாக வாந்தி. தண்ணீர்கூட வேண்டாம் என்றது. முன்னங்கால்களைத் தரையில் நீட்டி, மார்பைத் தாழ்த்தி, பின்பக்கத்தை மட்டும் தூக்கிக்கொண்டு அப்படியே நின்றது. பார்த்தால் கும்பிடுவது போல இருக்கும். வயிற்று வலி தாங்காத நாய் நிற்கிற நிலை அது. வீட்டில் கண் திருஷ்டி என்றார்கள். மிளகாய் சுற்றிப் போட்டு, கழுத்தில் கறுப்புக் கயிறு கட்டினார்கள். ஒரு முழு நாள் போய்விட்டது. உடம்பில் நீர் வற்றிக்கொண்டிருந்த அந்த ஒரு நாள், டிரிப் ஏற்றியிருக்க வேண்டிய நாள். இதைச் சொல்லும்போது இப்போதும் எனக்குக் கோபம் வருகிறது. நாய் அப்படி நின்றால், இரண்டு முறைக்கு மேல் வாந்தி எடுத்தால், உடனே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

வாசகி கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். பூனைக்கு நாய் உணவையே தொடர்ந்து போடுவது இதைவிடப் பெரிய ஆபத்து. டாரின் என்ற பொருளை நாய் பெரும்பாலும் தானே தயாரித்துக்கொள்ளும். பூனையால் போதிய அளவு முடியாது; உணவிலிருந்தே கிடைத்தாக வேண்டும், நாய் உணவை அதற்கென்று தயாரிப்பதில்லை. டாரின் இல்லாவிட்டால் பூனையின் விழித்திரை கெடும் என்பது 1975-ல் தெரிந்தது. இதயத் தசை தளர்ந்து வீங்கிச் சாவதற்கும் இதே குறைதான் காரணம் என்று கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் பால் பியான் 1987-ல் காட்டினார். டாரின் கொடுத்ததும் அந்தப் பூனைகளின் இதயம் தேறியது. அதன் பிறகே பூனை உணவில் டாரினின் அளவைக் கூட்டினார்கள்.

தங்கை வீட்டு நாய் ஐந்து நாளில் எழுந்துவிட்டது. இப்போது கொழுப்புக் குறைந்த சாப்பாடு, கொஞ்சம் கொஞ்சமாக. பூனைக்குச் சாப்பாடு ஜன்னல் திட்டின் மேல், வேளைக்கு இருபது நிமிடம். மிச்சத்தைத் தங்கை எடுத்து மூடி ஃபிரிட்ஜில் வைத்துவிடுகிறாள்.