கலம்பகம்: பல வகைக் கதைகளை ஒரே நாரில் கட்டிய நாவலுக்கு ஒரு பெயர்

போன மாதம் அக்கா மகள் வீட்டுக்கு வந்திருந்தாள். நாகர்கோவிலில் கல்லூரியில் படிக்கிறாள். என் மேசையில் கிடந்த தடித்த நாவலைக் கையில் எடுத்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி: "மாமா, இது என்ன ஜானர்?"

சட்டென்று பதில் வரவில்லை. அது டேவிட் மிட்செல் 2004இல் வெளியிட்ட 'கிளவுட் அட்லஸ்'. அதில் ஆறு கதைகள் இருக்கின்றன. 19ஆம் நூற்றாண்டில் பசிபிக் கடலில் போகும் ஒருவரின் கப்பல் நாட்குறிப்பு. 1931இல் பெல்ஜியத்திலிருந்து ஓர் இளம் இசைக்கலைஞன் எழுதும் கடிதங்கள். 1970களில் கலிபோர்னியாவில் ஓர் அணு உலையின் ரகசியத்தைத் துரத்தும் பெண் பத்திரிகையாளரின் விறுவிறு கதை. முதியோர் இல்லத்தில் மாட்டிக்கொண்ட லண்டன் பதிப்பாளரின் நகைச்சுவை. வருங்காலக் கொரியாவில் படியாக்கம் (குளோனிங்) செய்யப்பட்ட ஒரு பணிப்பெண்ணின் வாக்குமூலம். நாகரிகமெல்லாம் அழிந்த பிறகு ஹவாய்த் தீவில் ஒரு கிழவர் வாய்மொழியாகச் சொல்லும் கதை. முதல் ஐந்தும் பாதியில் நிற்கும், ஆறாவது மட்டும் முழுசாக ஓடும், அப்புறம் ஐந்தாவது, நான்காவது என்று ஒவ்வொன்றாக முடிந்துகொண்டே வரும்.

"ஆறு ஜானர்" என்றேன்.

"ஆறும் சேர்ந்தா அதுக்கு ஒரு பேரு வேண்டாமா மாமா?"

நியாயமான கேள்வி. அந்தப் பெயரைத் தேடியபோது கிடைத்தவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஜானர். இது பிரெஞ்சுச் சொல். வகை, இனம் என்று பொருள். லத்தீனில் கெனுஸ், கிரேக்கத்தில் கெனோஸ். இவற்றுக்கெல்லாம் அடியில் 'பிறப்பித்தல்' என்ற பொருளுள்ள பழைய இந்தோ-ஐரோப்பிய வேர் ஒன்று இருக்கிறது. ஜெண்டர், ஜெனரல், ஜெனரேஷன் ஆகிய ஆங்கிலச் சொற்களும், ஜனம், ஜன்மம், ஜாதி ஆகிய வடசொற்களும் அந்த ஒரே வேரில் கிளைத்தவை. ஆக, ஜானரின் உறவினர்கள் பலர் நம் பேச்சுக்குள் முன்பே வந்து குடியேறிவிட்டார்கள். இன்னொருவரும் உண்டு. துணிக்கடையில் "வேற தினுசு காட்டுங்க" என்கிறோமே, அந்தத் தினுசு அரபு மொழியின் 'ஜின்ஸ்' என்பதிலிருந்து உருது வழியாக வந்தது. அந்த ஜின்ஸும் கிரேக்கக் கெனோஸிலிருந்து போனது என்பார்கள். தினுசும் ஜானரும் ஒரு வீட்டுப் பிள்ளைகள் என்று தெரிந்த அன்று எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சமல்ல.

எழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சிலர் 'ழானர்' என்று எழுதுகிறார்கள். பிரெஞ்சுக்காரர் சொல்லும் முதல் ஒலி நம் ஜகரமும் அல்ல, ழகரமும் அல்ல. இருந்தாலும் ஜகரம்தான் அதற்குக் கிட்டத்தில் இருக்கிறது. பேச்சில் ஜானர் என்றே நிலைத்துவிட்டதால் எழுத்திலும் அப்படியே எழுதலாம்.

தமிழில் இதற்கு ஆய்வாளர்கள் புழங்கும் சொல் வகைமை. வகு என்ற வினையிலிருந்து வகை, அதிலிருந்து வகைமை. ஐரோப்பியச் சொல் எந்தக் குடும்பத்தில் பிறந்தது என்று பார்க்கிறது. நம் சொல் எப்படிப் பிரித்து வைத்திருக்கிறோம் என்று பார்க்கிறது. கதைகளுக்கு இரண்டாவதுதான் பொருத்தம் என்று எனக்குப் படுகிறது. எந்தக் கதையும் 'நான் துப்பறியும் கதை' என்று சொல்லிக்கொண்டு பிறப்பதில்லை. பிரித்து வைப்பது நாம்தான். "இந்த நாவல் எந்த வகைமை?" என்று கேட்டுப் பாருங்கள், முதலில் கொஞ்சம் விறைப்பாகத் தோன்றும், நாலு தடவை சொன்னால் பழகிவிடும்.

இதைவிடப் பழைய சொல் ஒன்று நம்மிடம் உண்டு: திணை. பிரெஞ்சில் ஜானர் என்பது இலக்கிய வகையையும் குறிக்கும், இலக்கணத்தில் ஆண்பால் பெண்பால் பாகுபாட்டையும் குறிக்கும். தமிழிலும் அப்படியே. உயர்திணை, அஃறிணை என்று சொற்களைப் பிரிக்கும் அதே திணைதான் அகத்திணை, புறத்திணை என்று பாடல்களையும் பிரிக்கிறது. ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு மொழிகள் ஒரே சொல்லை இரண்டு வேலைக்கும் வைத்துக்கொண்டிருக்கின்றன.

திணை என்றதும் எங்கள் குமரி மாவட்டக்காரர்களுக்குத் தொல்காப்பியம் சொந்த வீட்டுச் சரக்கு போலத் தோன்றும். அதன் பாயிரம் 'வடவேங்கடம் தென்குமரி' என்றுதான் தொடங்குகிறது. அந்த நூலைக் கேட்டுக் குறைகளைந்து ஏற்ற அதங்கோட்டாசானின் பெயரும் அந்தப் பாயிரத்திலேயே வருகிறது. அவருடைய ஊர் விளவங்கோடு வட்டத்திலிருக்கும் அதங்கோடுதான் என்பது இங்கே வழிவழியாகச் சொல்லப்படுவது. அந்தத் தொல்காப்பியத்தின் அகத்திணையியலில் ஒரு நூற்பா:

திணைமயக் குறுதலும் கடிநிலை இலவே
நிலனொருங்கு மயங்குதல் இன்றென மொழிப

திணைகள் ஒன்றோடொன்று கலக்கலாம், விலக்கில்லை. ஆனால் நிலம் நிலத்தோடு கலக்காது. மலைக்குரிய கூடல் கடற்கரையில் நடக்கலாம். அதற்காகக் கடற்கரை மலையாகிவிடாது. காலையில் பேச்சிப்பாறையில் பஸ் ஏறினால் ரப்பர் தோட்டம், வயல், தென்னந்தோப்பு எல்லாம் தாண்டி மதியத்துக்குள் முட்டத்துக் கடலில் கால் நனைத்துவிடலாம். நாலு நிலமும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் இந்த ஊர்க்காரனுக்கு அந்த இரண்டாவது அடி உடனே பிடிபடும்.

சரி, திணைமயக்கம்தான் நாம் தேடிய சொல்லா? பாதி சரி. பேய்க்கதையும் நகைச்சுவையும் ஒரே காட்சிக்குள் கரைந்து வருகிறதே, அதற்குத் திணைமயக்கம் அருமையான பெயர். ஆனால் அக்கா மகள் கேட்டது அதை அல்ல. ஆறு கதைகளும் அதனதன் நிறம் மாறாமல் தனித்தனியாக நின்றுகொண்டே ஒன்றாகக் கட்டப்பட்டிருக்கும் நாவலுக்கு என்ன பெயர்?

அந்தப் பெயர் எனக்குத் தோவாளையில் கிடைத்தது. வீட்டில் ஒரு விசேஷத்துக்காக விடியும் முன்னே பூச்சந்தைக்குப் போயிருந்தேன். பிச்சி, அரளி, கேந்தி, சம்பங்கி, கொழுந்து என்று குவியல் குவியலாகக் கிடந்தது. ஓர் அக்கா வாழைநாரில் வெள்ளையும் சிவப்பும் பச்சையுமாக மாற்றி மாற்றி வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார். பேசிக்கொண்டே கட்டினார், கண் பூவில் இல்லை, விரல் மட்டும் ஓடியது. இதைக் கட்டுவது கஷ்டமா என்று கேட்டேன்.

"பிச்சிய மட்டும் கெட்டுனா அது சரம் மக்கா. கண்ண மூடிட்டு கெட்டலாம். கதம்பத்துக்கு எந்தப் பூவுக்கு அடுத்தாப்புல எந்தப் பூவுன்னு தெரியணும். செவப்பு பக்கத்துல செவப்பு வச்சா ரெண்டும் செத்துப்போவும்."

கதம்பம் என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்குக் கலம்பகம் ஞாபகம் வந்தது. இரண்டும் ஒரே பொருள். தொண்டரடிப்பொடியாழ்வார் திருப்பள்ளியெழுச்சியில் 'களிவண்டு மிழற்றிய கலம்பகம் புனைந்த அலங்கலந் தொடையல்' என்கிறார். வண்டு மொய்க்கும் பல பூக்களைக் கலந்து கட்டிய மாலை. கதம்பம் என்பதுதான் கலம்பகம் என்று திரிந்தது என்று ஒரு கருத்து உண்டு. கலம் என்ற தானிய அளவு 12 மரக்கால், பகம் என்றால் அதில் பாதி 6, ஆக 18 உறுப்புகள் கொண்ட பாடல் நூல்தான் கலம்பகம் என்று இன்னொரு விளக்கம். கணக்கு அழகாகத்தான் விழுகிறது. ஆனாலும் நான் பூ பக்கம்தான். ஆழ்வார் வாக்கில் அது மாலையாகவே மணக்கிறது.

பூமாலையின் பெயர் பாமாலைக்கு வந்தது. கலம்பகம் என்பது தமிழின் சிற்றிலக்கிய வகைகளில் ஒன்று. பல்லவன் மூன்றாம் நந்திவர்மன் மேல் 9ஆம் நூற்றாண்டில் பாடப்பட்ட நந்திக் கலம்பகம்தான் நமக்குக் கிடைத்தவற்றில் முதலாவது. குமரகுருபரர் மதுரைக் கலம்பகமும் காசிக் கலம்பகமும் பாடினார். இந்த வகையின் விசேஷம், ஒரே நூலுக்குள் பல வகைமைகள் வந்து போவது. மறம் என்ற உறுப்பில், பெண் கேட்டு ஓலை அனுப்பிய அரசனை மறவர் வீட்டுக்காரர் சீறித் துரத்துவார். களி என்பதில் கள் குடித்தவர்கள் பேசுவார்கள். சித்து என்பதில் இரும்பைப் பொன்னாக்குவோம் என்று சித்தர்கள் பெருமையடிப்பார்கள். சம்பிரதத்தில் மாயவித்தைக்காரர் வருவார். குறத்தில் குறத்தி குறி சொல்வாள். மதங்கில் இரண்டு கையிலும் வாள் சுழற்றி ஒரு பெண் ஆடுவாள். அம்மானையில் பெண்கள் காய் வீசிக்கொண்டே ஒருவரையொருவர் மடக்குவார்கள். நடுநடுவே தூது, கார்காலம், கடற்கரையில் தனியே நிற்பவளின் இரங்கல். சண்டை, சிரிப்பு, மாயம், காதல் எல்லாம் அடுத்தடுத்த பாட்டில். பாவும் மாறிக்கொண்டே இருக்கும்: வெண்பா முடிந்து கலித்துறை வரும், அப்புறம் விருத்தம் வரும்.

இவ்வளவையும் சேர்த்துப் பிடிக்கும் நார் எது? அந்தாதி. ஒரு பாட்டு முடிந்த சொல்லில் அடுத்த பாட்டு தொடங்கும். கடைசிப் பாட்டு முதல் பாட்டின் தொடக்கச் சொல்லில் போய் முடியும். இதை மண்டலித்தல் என்பார்கள். நாவலைத் திரும்ப எடுத்தபோதுதான் எனக்குச் சிலிர்த்தது. கப்பல் நாட்குறிப்பை இசைக்கலைஞன் கண்டெடுத்துப் படிக்கிறான். அவன் கடிதங்களைப் பத்திரிகையாளர் படிக்கிறார். அவர் கதை கையெழுத்துப் பிரதியாகப் பதிப்பாளரிடம் வருகிறது. பதிப்பாளர் கதையைப் பணிப்பெண் படமாகப் பார்க்கிறாள். அவளுடைய வாக்குமூலத்தின் பதிவு ஹவாய்த் தீவு வரை போகிறது. ஒவ்வொரு கதையின் நுனியும் அடுத்த கதையின் கையில் இருக்கிறது. கடைசியில் புத்தகம் எந்தக் கப்பலில் தொடங்கியதோ அந்தக் கப்பல் நாட்குறிப்பிலேயே வந்து முடிகிறது. அந்தாதி, மண்டலிப்பு, இரண்டும் அப்படியே. மிட்செல் கலம்பகம் படித்திருப்பார் என்று நான் சொல்லவில்லை. பல பூவைச் சேர்த்துக் கட்டுகிற எவருக்கும் இப்படி ஒரு நார் தேவைப்படுகிறது.

ஆகவே என் பரிந்துரை: ஜானர் என்பதற்கு வகைமை. வகைமைகள் ஒன்றுக்குள் ஒன்று கரைந்தால் திணைமயக்கம். தனித்தனியாக நின்று தொடர்ந்தால் கலம்பகம். அப்படிப்பட்ட நாவல் கலம்பக நாவல். 'கலம்பகப் புதினம்' என்றும் எழுதலாம், அப்போது நடுவில் ப் வரும். நாவல் என்ற சொல்லுக்கே 'புதிது' என்றுதான் அடிப்படைப் பொருள், புதினமும் அதுவே. தொல்காப்பியம் புதிதாகப் புனைந்த நூலை 'விருந்து' என்கிறது, விருந்து என்றால் அந்தக் காலத்தில் புதுமை. அந்தச் சொல்லும் திரும்பப் புழக்கத்துக்கு வந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

சிறுகதைத் தொகுப்பைக் கலம்பகம் என்று சொல்லிவிடக் கூடாது. அதில் பூ இருக்கும், நார் இருக்காது. 1879இல் வெளிவந்த, தமிழின் முதல் நாவலான பிரதாப முதலியார் சரித்திரத்தில் கிளைக்கதைகள் ஏராளம். ஆனால் அவை ஒரு பெரிய கதையின் கிளைகள், அதனால் அதையும் இதில் சேர்க்க மாட்டேன். சிலப்பதிகாரத்தைச் சேர்க்கலாமா என்று நெடுநேரம் யோசித்தேன். கானல்வரியில் கடல், வேட்டுவவரியில் பாலை, ஆய்ச்சியர் குரவையில் முல்லை, குன்றக்குரவையில் மலை என்று அது நிலத்துக்கு நிலம் பாட்டையே மாற்றுகிறது. இடையிடையே உரைநடையும் உண்டு. ஆனாலும் கண்ணகி என்ற ஒரே பாதைதான். அதைத் திணைமயக்கத்தின் பக்கம் வைத்துவிட்டேன்.

இப்படிப்பட்ட நாவலைப் படிக்கத் தொடங்குபவர்களுக்கு ஒரு தடங்கல் வரும். முதல் கதை சூடுபிடிக்கும் நேரத்தில், ஒரு வாக்கியத்தின் நடுவிலேயே அறுந்து நிற்கும். எனக்குப் புத்தகத்தில் பக்கம் விட்டுப்போயிருக்கிறதோ என்று சந்தேகம் வந்து தாள் எண்ணைச் சரிபார்த்தேன். அடுத்த கதைக்குள் பத்து, இருபது பக்கம் மனசு ஒட்டாது. மொழியே வேறாக இருக்கும்; பழைய கப்பல்காரனின் நடை வேறு, கடிதம் எழுதுபவனின் துள்ளல் வேறு. அந்தப் பக்கங்களைத் தாண்டிவிட வேண்டும். எங்கள் ஊர்க் கோயில் கொடைவிழாவில் விடிய விடிய வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது பழக்கம்தான். ஒரு தெய்வத்தின் பிறப்புக் கதை முடிந்து, அடுத்த தெய்வத்தின் கொலைக் கதைக்குப் புலவர் மெட்டை மாற்றும்போது கொஞ்ச நேரம் கூட்டம் கலைந்து கிடக்கும். சிலர் கட்டங்காப்பிக்கு எழுந்து போவார்கள். குடமும் உடுக்கையும் புது வேகம் பிடித்ததும் தானாகத் திரும்பி வந்து உட்காருவார்கள்.

இவ்வளவையும் அக்கா மகளுக்குப் போனில் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். புத்தகத்தையும் வாங்கிப் போயிருந்தாள். நேற்று ராத்திரி ஒரு செய்தி அனுப்பியிருந்தாள்: "மாமா, முதியோர் இல்லத்துலருந்து தப்பிச்சு எல்லாரும் மதுக்கடைல போய் உக்காந்துட்டாங்க. இதுதானே களி?"