மச்சானுக்குத் துப்பாக்கி பரிசளிக்கும் முன் ஒரு போன் போடுங்கள்

டெக்சாஸில் துப்பாக்கிக் கடை வைத்திருக்கிறேன், மத்திய அரசின் டீலர் உரிமத்தோடு. போன வாரம் ஒரு வாடிக்கையாளர் அழைத்தார். நம் ஊர்க்காரர், அமெரிக்கக் குடியுரிமை வாங்கியவர். என் கடையில் வாங்கிய 9 எம்.எம். பிஸ்டலை நியூ ஜெர்சிக்குக் காரிலேயே எடுத்துப்போய், புதுமனை புகுவிழாவில் மச்சானுக்குப் பரிசாகக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். "அண்ணா, பில்லுல மட்டும் அவர் பேரைப் போட்டுக் குடுத்துடுங்க." மச்சான் என்ன விசாவில் இருக்கிறார் என்று கேட்டேன். எச்-1பி என்றார்.

இப்படிக் கேட்கும் முதல் ஆள் இவர் இல்லை. கேட்கிற எல்லோரும் சொல்வது ஒரே வசனம்தான்: "குடும்பத்துக்குள்ளதானே குடுக்கிறேன், விக்கலையே!"

ஐயா, சட்டம் விற்றீர்களா என்று பார்ப்பதில்லை. 1968-இன் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்கு விற்பதும் சும்மா கொடுப்பதும் ஒன்றுதான். மச்சானா, மகனா என்பதும் அதற்குத் தேவையில்லை. கொடுப்பவர் எந்த மாநிலத்தில் குடியிருக்கிறார், வாங்குபவர் எந்த மாநிலத்தில் குடியிருக்கிறார், அவ்வளவுதான் கேள்வி. இரண்டும் வேறு என்றால் நடுவில் உரிமம் பெற்ற டீலர் இருந்தே ஆக வேண்டும். பெற்ற அப்பா மகனுக்குக் கொடுத்தாலும் அப்படித்தான். தெரிந்தே மீறினால் கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் 5 ஆண்டு வரை சிறை. குழப்பம் எங்கே தொடங்குகிறது என்றும் எனக்குத் தெரியும். டெக்சாஸ்காரர் இன்னொரு டெக்சாஸ்காரருக்குக் கொடுக்கக் காகிதம் எதுவும் வேண்டாம். அந்தப் பழக்கத்தையே காரில் ஏற்றி எல்லை தாண்டிக் கொண்டுபோகிறார்கள்.

பில்லில் பேரை மாற்றுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. ஊரில் பழைய பைக்கை விற்றுவிட்டு ஆர்.சி. புத்தகத்தில் பேர் மாற்றுகிற சமாச்சாரம் இல்லை இது. என் பதிவேட்டில் யாருக்கு விற்றேனோ அவர் பேர்தான் இருக்கும். அதில் கைவைத்தால் என் பிழைப்பு போய்விடும். நாளைக்கு அந்தத் துப்பாக்கி ஏதாவது வழக்கில் போலீஸிடம் சிக்கினால், சீரியல் எண்ணைப் பிடித்துக்கொண்டு, துப்பாக்கி விவகாரங்களைக் கவனிக்கும் மத்திய அமைப்பான ஏ.டி.எஃப்.-இன் அதிகாரிகள் எனக்குத்தான் போன் போடுவார்கள். 24 மணி நேரத்துக்குள் நான் பதில் சொல்லியாக வேண்டும். சொல்லப்போவது உங்கள் பேரை.

அடுத்தது விசா. எச்-1பி, எச்-4, எல்-1, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்க மத்திய சட்டத்திலேயே தடை. கிரீன் கார்டு இருந்தால் இந்தத் தடை இல்லை. செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் உள்ளவர்களுக்கு விதிவிலக்கு உண்டு, ஆனால் வக்கீலைக் கேட்காமல் அந்தப் பக்கம் போகாதீர்கள். தடை உள்ளவர் வைத்திருந்தால் 15 ஆண்டு வரை சிறை. தெரிந்தே கொடுத்தவருக்கும் அதே கதிதான். துப்பாக்கி வழக்கில் தண்டனை ஆனால் நாடு கடத்தலும் வரும். பத்து வருடமாகக் கிரீன் கார்டு வரிசையில் நிற்கிற ஒருவருக்கு இதையா பரிசாகக் கொடுப்பது?

"டீலர் வழியாத்தான் அனுப்பினோம், அப்புறம் என்ன?" என்பவர்களுக்காக ஒரு வழக்கு. வர்ஜீனியாவில் முன்னாள் போலீஸ்காரர் ஆப்ரம்ஸ்கி, பென்சில்வேனியாவில் இருந்த மாமாவுக்காக ஒரு கிளாக் 19 கைத்துப்பாக்கி வாங்கினார். மாமா முன்னதாகவே 400 டாலருக்குச் செக் அனுப்பியிருந்தார். பென்சில்வேனியாவில் டீலர் மூலம்தான் கைமாற்றினார்கள். இருவருமே துப்பாக்கி வைத்துக்கொள்ளத் தகுதி உள்ளவர்கள். ஆனால் துப்பாக்கி வாங்குபவர் கடையில் நிரப்ப வேண்டிய 4473 என்ற மத்திய அரசுப் படிவத்தில் "உண்மையான வாங்குபவர் நானே" என்று ஆப்ரம்ஸ்கி எழுதிக்கொடுத்திருந்தார். 2014-இல் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில், அப்படிப் பொய் சொன்னதற்கான தண்டனையை உறுதிசெய்தது. உங்கள் காசில் வாங்கிக் கொடுத்தால் பரிசு. அவர் காசில் வாங்கினால், பிறகு தருகிறேன் என்று அவர் சொல்லியிருந்தாலும், அது பரிசு இல்லை.

சரியான வழி சுலபம்தான். முதலில் வாங்குபவர் ஊரில், டீலர் உரிமம் உள்ள கடை ஒன்றைப் பிடியுங்கள். தனி ஆளிடமிருந்து பார்சல் வாங்காத கடைகள் உண்டு, அதனால் கேட்டுவிட்டு அனுப்புங்கள், அல்லது உங்கள் ஊர்க் கடை மூலம் அனுப்புங்கள். கைத்துப்பாக்கி என்றால் வாங்குபவரின் சொந்த மாநில டீலரிடம்தான் கைமாற வேண்டும். ரைபிள், ஷாட்கன் என்றால் இரண்டு மாநிலச் சட்டமும் இடம் கொடுக்கும்வரை உங்கள் ஊர் டீலரிடமே முடிக்கலாம். வாங்குபவர் நேரில் போய் படிவம் நிரப்பி, பின்னணிச் சோதனை முடித்து எடுத்துக்கொள்வார். வீடு மாறியவர்கள் அடையாள அட்டையிலும் முகவரியை மாற்றிவிட்டு வாருங்கள். பழைய முகவரி அட்டையை நீட்டிவிட்டு கவுண்டரில் சண்டை போடாதீர்கள்.

மாநிலச் சட்டம் தனி. நியூ ஜெர்சியில் ஒவ்வொரு கைத்துப்பாக்கிக்கும் முன்கூட்டியே ஒரு பர்மிட் வேண்டும். மேகசினில், அதாவது தோட்டா அடுக்கும் பெட்டியில், 10 தோட்டாவுக்கு மேல் கூடாது, டெக்சாஸில் விற்கும் சாதாரண 9 எம்.எம். பிஸ்டலோடு 15, 17 தோட்டா மேகசின் வரும். கலிஃபோர்னியாவில், மாநிலத்துக்குள்ளேயே டீலர் இல்லாமல் கொடுக்கும் குடும்பச் சலுகை பெற்றோர்-பிள்ளை, தாத்தா பாட்டி-பேரப்பிள்ளைக்கு உண்டு, அண்ணன் தம்பிக்குக் கிடையாது. தயவுசெய்து வாங்குபவர் ஊர் டீலரிடம் முதலில் கேளுங்கள். இவ்வளவும் தலைவலி என்றால், அவர் ஊர்க் கடையின் கிஃப்ட் கார்டு ஒன்று வாங்கிக் கொடுங்கள்.

உயில் மூலமோ வாரிசுரிமையாலோ வருவதற்கு மட்டும் மத்திய சட்டம் டீலர் வேண்டாம் என்கிறது. வாரிசு தடை உள்ளவராக இருக்கக் கூடாது, அவருடைய மாநிலத்தில் அந்தத் துப்பாக்கி சட்டப்படி இருக்க வேண்டும்.

போன் செய்தவரிடம் சொன்னது இதுதான்: நீங்களே போய் அதைத் திரும்ப எடுத்து வராதீர்கள், மச்சானும் அதைத் தூக்கிக்கொண்டு எங்கும் போக வேண்டாம், இன்றைக்கே நியூ ஜெர்சியில் கிரிமினல் வக்கீல் ஒருவரையும், குடிவரவு வக்கீல் ஒருவரையும் பிடியுங்கள். "ரெண்டு வக்கீலா?" என்றார். ஆமாம், இரண்டு.