நியூ டீல் அமெரிக்காவை மீட்டதா? கணக்குப் பார்க்கும் முறை

1930களின் பொருளாதாரப் பெருமந்தத்திலிருந்து அமெரிக்காவை மீட்டது, அதிபர் ரூஸ்வெல்ட் கொண்டுவந்த நியூ டீல் என்ற அரசு நிவாரண, மீட்புத் திட்டங்கள்தான் என்கிறது ஒரு தரப்பு. அவைதான் மந்தத்தை இழுத்தடித்தன என்கிறது மறுதரப்பு. இருவரும் ஆதாரமாகக் காட்டுவது வேலையின்மைப் பட்டியலைத்தான். சிக்கல் அங்கேயே தொடங்கிவிடுகிறது.

1938இல் வேலையின்மை சுமார் 19 சதவீதம் என்கிறது ஒரு பட்டியல், 12.5 என்கிறது இன்னொன்று. இரண்டும் பொய்யில்லை. அரசின் நிவாரணப் பணியில் சாலை போட்டுக் கூலி வாங்கியவரை முதல் பட்டியல் வேலையில்லாதவராக எண்ணுகிறது. பொருளியலாளர் மைக்கேல் டார்பி திருத்திய இரண்டாவது பட்டியல் அவரை வேலையில் இருப்பவராகச் சேர்க்கிறது. தனியார் தொழில்கள் எவ்வளவு மீண்டன என்று கேட்டால் முதல் பட்டியல் பொருந்தும். எத்தனை வீடுகளுக்குச் சம்பளம் வந்தது என்று கேட்டால் இரண்டாவது. கேள்வியை முடிவு செய்யாமல் எண்ணை எடுத்தால், விடை நம் விருப்பப்படிதான் வரும்.

வளரும் வேகத்தையும் எட்டிய மட்டத்தையும் குழப்பிக்கொள்வதும் சகஜம். 1933க்கும் 1937க்கும் இடையில் உற்பத்தி ஆண்டுக்குச் சராசரியாக 8 சதவீதத்துக்கு மேல் வளர்ந்தது. ஆனால் விழுந்த பள்ளம் மிக ஆழம் என்பதால், அவ்வளவு வளர்ந்தும் வேலையின்மை அடங்கவில்லை.

அடுத்து, நியூ டீலை ஒரே திட்டமாக நினைக்காதீர்கள். 1933 மார்ச்சில் வங்கிகளை மூடி, தணிக்கை செய்து, தேறியவற்றை மட்டும் திறந்தார்கள். வங்கி முறிந்தாலும் போட்ட பணத்துக்கு உறுதி தரும் வைப்புக் காப்பீடு 1934 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. 1933இல் வங்கிகள் ஆயிரக்கணக்கில் முறிந்தன, 1934இல் முறிந்தவை நூறைக்கூடத் தொடவில்லை. இதன் பலனை மறுப்பது கடினம். தங்கத்தின் விலையை அவுன்சுக்கு 20.67 டாலரிலிருந்து 35 டாலராக உயர்த்தியதும் அப்படித்தான்: தங்கம் நாட்டுக்குள் வந்தது, பணப்புழக்கம் பெருகியது. மீட்சியின் பெரும்பகுதி இதனால்தான் என்பது பொருளியலாளர் கிறிஸ்டினா ரோமரின் முடிவு. ஆனால் தொழில்கள் கூடிப்பேசி விலையையும் கூலியையும் நிர்ணயிக்க விட்ட தேசியத் தொழில் மீட்புச் சட்டம் போட்டியை நெரித்தது. 1935 மே மாதம் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. இவற்றை ஒரே மூட்டையாகக் கட்டி 'பலித்தது' என்றோ 'தோற்றது' என்றோ முத்திரை குத்தினால் எதுவும் விளங்காது.

அரசுச் செலவைப் பார்க்கும்போது மத்திய அரசின் கணக்கோடு நிறுத்தாதீர்கள். ஒன்றிய அரசு கூடுதலாகச் செலவழித்த அதே காலத்தில், மாநிலங்களும் ஊராட்சிகளும் வரியைக் கூட்டின, செலவைச் சுருக்கின. மொத்தத்தையும் கூட்டிப் பார்த்த பொருளியலாளர் கேரி பிரவுன், செலவுக் கொள்கை தோற்கவில்லை, போதிய அளவில் முயன்றே பார்க்கவில்லை என்று 1956இல் எழுதினார்.

1937ஆம் ஆண்டுதான் மிகவும் உதவும் சோதனை. 1936 ஆகஸ்டிலிருந்து 1937 மே வரை, வங்கிகள் கடன் கொடுக்காமல் ஒதுக்கி வைத்திருக்கவேண்டிய கையிருப்பு விகிதத்தை மத்திய வங்கி மூன்று தவணைகளில் இரட்டிப்பாக்கியது. முன்னாள் படைவீரர்களுக்கு 1936இல் கொடுத்த ஒருமுறைத் தொகை முடிந்துபோனது. சமூகப் பாதுகாப்பு வரி பிடித்தம் தொடங்கியது. ஓராண்டுக்குள் தொழில் உற்பத்தி மூன்றில் ஒரு பங்களவு சரிந்தது. ஆதரவை விலக்கினால் என்ன ஆகும் என்பதற்கு இது சான்று. ஆனால் பணக்கொள்கையும் செலவுக் கொள்கையும் ஒன்றாக இறுகியதால், சரிவில் எதன் பங்கு எவ்வளவு என்று இந்த ஒரே நிகழ்வை வைத்துப் பிரிக்க முடியாது.

மாவட்டவாரி ஒப்பீட்டிலும் கவனம் வேண்டும். நிதி அதிகம் போன இடத்தில் வேலையின்மை அதிகம் என்றால், நிதி வீணானது என்று பொருளல்ல. துயரம் மிகுந்த இடத்துக்கே நிதி போயிருக்கலாம். தேர்தல் கணக்கும் நிதிப் பகிர்வில் கலந்திருந்தது.

இவ்வளவு சரிபார்த்த பிறகும் சராசரிக்குள் மறைந்துகிடப்பவர்கள் உண்டு. 1933இல் விலை ஏறட்டும் என்று சுமார் ஒரு கோடி ஏக்கர் பருத்தியை உழுது அழித்தார்கள். விலை ஏறியது, பண்ணை வருமானம் கூடியது. இதற்கு அரசு கொடுத்த இழப்பீட்டுத் தொகை பெரும்பாலும் நில உரிமையாளர் கைக்குப் போனது. சாகுபடிப் பரப்பு சுருங்கியதால் தென் மாநிலங்களில் விளைச்சலில் பங்குக்கு (வாரத்துக்கு) உழுத குடும்பங்கள், அவர்களில் கறுப்பின மக்கள் ஏராளம், நிலத்தைவிட்டு வெளியேற்றப்பட்டன. அந்த வெளியேற்றத்தைப் பண்ணை வருமானக் கணக்கில் தேடினால் கிடைக்காது. குத்தகைதாரர் கணக்கைத் தனியே எடுக்கவேண்டும்.