கேக்கோடு ஹோமுக்கு வருகிறவர்களுக்கு

பிறந்தநாள், கல்யாண நாள், அப்பாவின் திதி. எங்கள் குழந்தைகள் இல்லத்துக்கு வரும் அழைப்புகளில் பெரும்பாதி இந்த மூன்றுக்குத்தான். "மதியச் சாப்பாடு போடணும், எவ்வளவு ஆகும்?" என்பார்கள். தொகையைச் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த கேள்வி வரும்: "எல்லாமே அனாதைக் குழந்தைங்கதானே மேடம்?"

இல்லை. சமூகப் பணியாளராக இதை வாய் வலிக்கச் சொல்லியாகிவிட்டது, இப்போது எழுதியும் வைக்கிறேன்.

எழுத வைத்தது போன மாதம் நடந்த ஒன்று. சாப்பாடு போட வந்த ஒரு குடும்பம், வேண்டாம் என்று சொல்லியும் பந்தியில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளைப் படமெடுத்து ஃபேஸ்புக்கில் போட்டுவிட்டது. 'ஆதரவற்ற செல்லங்களுடன்' என்று தலைப்பு வேறு. அது ஒரு பெண்ணின் வகுப்புப் பிள்ளைகளிடம் சுற்றி, கடைசியில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் அவளுடைய அம்மா கைக்கும் போனது. "நான் உயிரோடதானே மேடம் இருக்கேன்?" என்று ஃபோனில் கேட்டார். மாதாமாதம் பஸ் பிடித்து வந்து மகளுக்கு எண்ணெய் தேய்த்து விட்டுப் போகிற அம்மா அவர்.

எங்கள் பிள்ளைகளில் பலருக்கு அம்மா இருக்கிறார், சிலருக்கு இரண்டு பேருமே இருக்கிறார்கள். அப்பா இறந்து அம்மா கட்டட வேலைக்கு ஊர் ஊராகப் போகிற வீடு, குடி அழித்த வீடு, ஒரே அறையில் வயதுக்கு வந்த பெண்ணைத் தனியே விட்டுவிட்டு அம்மா நைட் ஷிஃப்ட் போக வேண்டிய வீடு என்று காரணம் ஆளுக்கு ஆள் மாறும், அடியில் இருப்பது பெரும்பாலும் வறுமை. நம் ஊரில் மட்டும் இப்படி என்று நினைக்க வேண்டாம். உலக அளவில் இல்லங்களில் வளரும் பிள்ளைகளில் ஐந்தில் நால்வருக்காவது பெற்றோரில் ஒருவர் உயிரோடு இருக்கிறார் என்று சேவ் தி சில்ட்ரன் அமைப்பு 2009-லேயே சொல்லிவிட்டது.

"இருந்தா என்ன, நல்லதுதானே செய்யறோம்?" என்று கேட்பவர்களுக்கு நேபாளத்தைச் சொல்வேன். 1996 முதல் 2006 வரை நடந்த உள்நாட்டுப் போரின்போது ஹும்லா போன்ற மலை மாவட்டங்களுக்குத் தரகர்கள் போனார்கள். காத்மாண்டுவில் நல்ல பள்ளிக்கூடம், பிள்ளையைக் கொடுங்கள் என்றார்கள். கூட்டி வந்த பிறகு, பெற்றோர் இறந்துவிட்டதாகக் காகிதம் தயாரானது. பார்க்க வருகிற வெளிநாட்டு விருந்தினர் பணம் கொடுப்பது அனாதைக்குத்தானே? கம்போடியாவில் 2005-க்கும் 2010-க்கும் இடையில் இல்லங்களின் எண்ணிக்கை முக்கால் பங்கு கூடியது. பெற்றோரை இழந்த பிள்ளைகள் அங்கே அப்படிக் கூடிவிடவில்லை, சுற்றுலாவும் நன்கொடையும்தான் கூடின. பணம் கட்டடத்தைத் தேடிப் போனால், பிள்ளையும் அதன் பின்னால் இழுத்து வரப்படும்.

சரி, சட்டத்துக்கு வருவோம். இளைஞர் நீதிச் சட்டம் 2015, பிரிவு 74. பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் பிள்ளையின் அடையாளம் தெரியும்படி படமோ பெயரோ வெளியிட்டால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். முகத்தில் ஸ்மைலி ஒட்டிவிட்டு, பின்னால் இல்லத்தின் பெயர்ப் பலகை தெரியப் போடுகிறீர்களே, அதுவும் அடையாளம்தான். எங்களிடம் இருக்கும் பிள்ளைகளில் யாரை யாரிடமிருந்து மறைத்து வைத்திருக்கிறோம் என்று உங்களிடம் சொல்ல முடியாது. சொல்லவும் மாட்டோம்.

அப்புறம் அந்த வாட்ஸ்அப் செய்தி. 'விபத்தில் பெற்றோரை இழந்த இரண்டு பெண் குழந்தைகள், தத்தெடுக்க விரும்புவோர் அழைக்கவும்.' 2021-ல் கொரோனா இரண்டாம் அலையில் இது வெள்ளமாக வந்தது. தயவுசெய்து அனுப்பாதீர்கள். தத்து என்பது காரா என்ற மத்திய அமைப்பில் பதிவு செய்து, பல வருடம் காத்திருந்து நடப்பது. நேரில் கைமாற்றினால் கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் மூன்று வருடம் வரை சிறை உண்டு. அதே 2021-ல் மதுரையில், ஒரு வயதுக் குழந்தை கொரோனாவில் இறந்துவிட்டதாகப் போலி ஆவணம் காட்டி, குழந்தையை விற்றதாக ஒரு காப்பகத்தின் மீது வழக்கே வந்தது. நல்ல மனசோடு வாங்கியவர்களும் போலீஸ் விசாரணைக்குப் போக வேண்டியிருந்தது.

ஆகவே, வருவதற்கு முன்னால் பதிவுச் சான்றிதழ் கேளுங்கள். கேட்டால் கோபப்படுகிற இல்லத்துக்கு ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். சந்தேகம் இருந்தால் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விசாரிக்கலாம். கேமராவை எடுக்காதீர்கள். "அப்பா எங்கடா?" என்று கேட்காதீர்கள். உங்கள் பிள்ளைக்குப் 'புத்தி வருவதற்காக' எங்கள் பிள்ளைகளைக் காட்டாதீர்கள், இது வேடிக்கை பார்க்கும் இடமில்லை. "அடுத்த வாரம் வரேன்" என்று சொல்லிவிட்டு வராமல் இருப்பதை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன், விட்டுவிடுங்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை கேட்டருகே நிற்கிற பிள்ளையைச் சமாளிப்பது நாங்கள்.

சாப்பாடு போடுவதை நான் தடுக்கவில்லை. சமையலறைக்கு அரிசி, எண்ணெய், நாப்கின் வாங்கிக் கொடுத்துவிட்டுப் பேசாமல் போகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் வந்தால் எங்களுக்கே சந்தோஷம். ஆனால் பிள்ளை இல்லத்துக்கே வராமல் பார்த்துக்கொள்ளவும் வழி உண்டு. உங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வரும் அக்கா கணவரை இழந்தவரா? மிஷன் வாத்சல்யா என்ற மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டத்தில் உள்ள நிதி ஆதரவில், தகுதி இருந்தால், பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் கிடைக்கும். அதற்கு வருமானச் சான்றிதழும் கணவரின் இறப்புச் சான்றிதழும் வங்கிக் கணக்கும் தேவைப்படும். அந்த அலைச்சலுக்கு ஒரு நாள் கூலியை விட முடியாமல்தான் பலர் விண்ணப்பிப்பதே இல்லை. நீங்கள் கூடப் போய் வாருங்கள்.

கம்பெனி நடத்துகிறவர்களுக்குத் தனியாக ஒன்று: 18 முடிந்து இல்லத்தை விட்டு வெளியே வருகிறவர்களுக்கு 21 வயது வரை பின்பராமரிப்பு என்று சட்டத்தில் இருக்கிறது. நடைமுறையில் அவர்களுக்கு உடனே தேவைப்படுவது ஒரு வேலையும், வாடகைக்கு ஜாமீன் நிற்க ஒரு ஆளும். அழைத்தால், யார் யார் என்ன படித்திருக்கிறார்கள் என்று சொல்கிறேன்.