தகைமையீனம்: மறியலுக்குப் போனவர் எலக்சன் கேட்கலாமா?

தகைமையீனம் (பெயர்ச்சொல்): ஒரு பதவிக்கோ உரிமைக்கோ சட்டம் கேட்கும் தகுதி ஒருவரிடம் இல்லாத நிலை. இலங்கை அரசியலமைப்பின் தமிழ் வாசகத்தில் புழங்கும் சொல். தமிழ்நாட்டில் இதற்கு நெருக்கமாக எழுதுவது 'தகுதி நீக்கம்'.

சொல்லின் முன்பாதி பழையது. 'தகு' என்ற வினையின் வழி வந்த 'தகைமை' குறளிலேயே இருக்கிறது: 'தாளாண்மை என்னும் தகைமைக்கண் தங்கிற்றே' (613). பின்பாதியான 'ஈனம்' வடமொழி 'ஹீன' என்பதிலிருந்து வந்தது. குறைவு, இல்லாமை என்று பொருள். நம் வாயில் ஈனம் என்றாலே வசவு. அதனால் தகைமையீனம் என்று படித்ததும் ஏதோ கேடுகெட்ட தன்மை என்று தோன்றிவிடும். சட்டத்துக்கு அந்தக் கோபம் கிடையாது. தகைமையீனம் உள்ளவர்களைப் பட்டியலிடும் அரசியலமைப்பின் 89ஆம் உறுப்புரையில் 18 வயது நிரம்பாத பிள்ளையும் இருக்கிறது, இலங்கைக் குடிமகன் அல்லாதவரும் இருக்கிறார். 'தகுதியின்மை' என்று எழுதினால் இந்தக் குழப்பம் வராது, சொல்லும் முழுத்தமிழ். 'தகுதி நீக்கம்' சரிவராது. நீக்கம் என்றால் நீக்குவதற்கு ஒருவர் வேண்டும். இங்கே நிபந்தனை பொருந்தினாலே தகுதி இல்லாமல் போய்விடுகிறது.

சரி, யாருக்குப் பொருந்துகிறது? தேர்தல் காலத்தில் கிழக்கிலங்கையின் வாழைச்சேனைச் சந்தியிலோ கல்முனைக் கடைத்தெருவிலோ நின்றால் ஒரு கேள்வி காதில் விழும்: "அவன் மறியலுக்குப் போனவனல்லோ, எப்பிடி எலக்சன் கேக்கிறான்?" நம் பக்கத்தில் வேட்பாளர் தேர்தலில் 'நிற்பதை'விட 'கேட்பது'தான் அதிகம். வேட்பு என்றால் விருப்பம். விரும்பிக் கேட்பவர் வேட்பாளர். முந்தைய தலைமுறை சொன்ன 'அபேட்சகர்' என்பதற்கும் அதே பொருள்தான்; சிங்களத்தில் இன்றும் 'அபேக்ஷக'.

சிக்கல் 'மறியல்' என்ற சொல்லில் இருக்கிறது. தமிழ்நாட்டு வாசகருக்கு மறியல் என்றால் சாலை மறியல், ரயில் மறியல். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் அது சிறை. மறித்து வைத்திருக்கும் இடம். வழக்கு முடியாமல் உள்ளே இருப்பவரும் மறியலில்தான் இருக்கிறார், தீர்ப்பு வந்து தண்டனை அனுபவிப்பவரும் மறியலில்தான் இருக்கிறார். முன்னாள் போராளிகளை வைத்திருந்த புனர்வாழ்வு முகாமுக்குப் போய் வந்தவரையும் சிலர் இதே கணக்கில் சேர்த்துவிடுவார்கள். முகாமுக்குப் போனவர்களில் பெரும்பாலானோர் நீதிமன்றப் படியே ஏறவில்லை. தீர்ப்பு என்று ஒன்றே கிடையாது.

எழுத்துத் தமிழ் இதைப் பிரித்தே வைத்திருக்கிறது. ரிமாண்ட் என்பதற்கு நம் நீதிமன்றங்கள் சொல்வது 'விளக்கமறியல்'. விளக்கம் என்பது இங்கே வழக்கு விசாரணை. 'வழக்கு விளக்கத்துக்கு எடுக்கப்பட்டது' என்று செய்திகளில் படித்திருப்பீர்கள். விளக்கம் முடியும்வரை மறித்து வைப்பது விளக்கமறியல். ரிமாண்ட் என்ற சொல்லின் லத்தீன் வேருக்குத் 'திருப்பி அனுப்பு' என்றுதான் பொருள், ஏன் அனுப்புகிறார்கள் என்பதை அது சொல்லாது. தமிழ்ச் சொல் காரணத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறது. என் கணிப்பில் இலங்கைச் சட்டத்தமிழின் மிக நல்ல ஆக்கங்களில் இது ஒன்று. குற்றம் சாட்டப்பட்டவரைக் குறிக்கும் எதிரி என்ற சொல்லும் அப்படித்தான். நீதிமன்றத்தில் எதிரி பகைவர் அல்ல, வழக்கில் எதிர்ப்பக்கம் நிற்பவர். பத்திரிகைகள்தான் தீர்ப்புக்கு முன்னரே 'குற்றவாளிக் கூண்டில்' ஏற்றிவிடுகின்றன.

விளக்கமறியலில் இருப்பவர் எலக்சன் கேட்கலாம். மட்டக்களப்பாருக்கு இது ஏட்டுச் சட்டமல்ல. பாராளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கம் 2005 நத்தார் (கிறிஸ்துமஸ்) ஆராதனையின்போது மரியாள் பேராலயத்தில் சுட்டுக்கொல்லப்பட்ட வழக்கில், 2015இல் கைதான பிள்ளையான் என்ற சிவநேசதுரை சந்திரகாந்தன் 2020 ஆகஸ்ட் தேர்தலைச் சிறையில் இருந்தபடியே கேட்டார். 54,198 விருப்பு வாக்குகள் விழுந்தன. சட்டமா அதிபர் வழக்கைத் தொடரப்போவதில்லை என்று அறிவித்ததால் 2021 ஜனவரியில் அந்த வழக்கிலிருந்து விடுவிக்கப்பட்டார். அந்தத் தேர்தலைப் பற்றி இன்றும் பலர் 'குற்றவாளி எப்படிப் போட்டியிட்டார்' என்றே பேசுகிறார்கள். அவரை ஆதரிப்பதும் எதிர்ப்பதும் அவரவர் விருப்பம். ஆனால் அந்த நாளில் அவர் மேல் எந்தக் குற்றத்தீர்ப்பும் இல்லை.

குற்றத்தீர்ப்பு என்பதுதான் இங்கே திறவுகோல். ஆனால் அது மட்டும் போதாது, இரண்டு அளவுகளும் பொருந்த வேண்டும். குற்றம், இரண்டு ஆண்டுகளுக்குக் குறையாத சிறைத்தண்டனை விதிக்கத்தக்கதாக இருக்க வேண்டும். விதித்த தண்டனை ஆறு மாதத்துக்குக் குறையாததாக இருக்க வேண்டும். இரண்டும் பொருந்தினால் சிறையில் இருக்கும் காலமும் வெளியே வந்தபின் ஏழு ஆண்டும் தகைமையீனம். 2019 மார்ச்சில் தண்டனை முடித்தவருக்கு 2026 மார்ச்வரை வழியில்லை. வாக்கும் போட முடியாது. அனுமதிப்பத்திரம் இல்லாமல் மணல் ஏற்றியோ கசிப்பு (கள்ளச்சாராய) வழக்கிலோ தண்டப்பணம் மட்டும் கட்டியவரை இந்த விதி தொடாது. (இது பாராளுமன்றத்துக்கான கணக்கு. பிரதேச சபைகளுக்குத் தனிச் சட்டம் உண்டு.) மரண தண்டனைக் கைதியும் இதே பட்டியலில் வருகிறார். ஆனாலும் 2020 ஜூலை 31இல் மரண தண்டனை விதிக்கப்பட்ட வேட்பாளர் பிரேமலால் ஜயசேகர, நியமனப்பத்திரம் (வேட்புமனு) ஏற்கெனவே ஏற்கப்பட்டிருந்ததால், ஐந்து நாள் கழித்து நடந்த தேர்தலில் வென்றார். செப்டெம்பரில் சிறைக்காவலோடு வந்து சத்தியப்பிரமாணமும் செய்தார். 2022இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது.

'தண்டனை பெற்றவருக்கு ஆயுளுக்கும் தடை போடு' என்ற குரல் எனக்கு ஒப்பாது. கொலைக்கும் பொதுப்பணக் களவுக்கும் ஏழு ஆண்டு போதாது என்று நினைப்பவன்தான் நானும். ஆனால் 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம், உதவிப் பொலிஸ் அத்தியட்சகரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தையே சாட்சியமாக ஏற்கிறது. அந்த வாக்குமூலத்தை வைத்துத் தண்டனை பெற்ற தமிழ் இளைஞர்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். ஆயுள் தடை முதலில் அவர்கள் தலையில்தான் விழும்.

எனக்கு உறுத்துவது மன்னிப்பு வாசல். ஜனாதிபதி நிபந்தனையற்ற மன்னிப்பு அளித்தால் தகைமையீனம் அன்றே ஒழிந்துவிடும். தகைமையீனக் காலத்தைக் குறைக்கவும் அவரால் முடியும். முன்னாள் இராணுவத் தளபதி சரத் பொன்சேகா 2010இல் இராணுவ நீதிமன்றத் தண்டனையால் ஆசனத்தை இழந்தார், 2015 ஜனவரியில் புதிய ஜனாதிபதியின் மன்னிப்போடு மீண்டார். கொலை வழக்கில் மரண தண்டனை பெற்ற முன்னாள் பாராளுமன்ற உறுப்பினர் துமிந்த சில்வாவுக்கு 2021இல் கிடைத்த மன்னிப்பை உயர் நீதிமன்றம் (இலங்கையின் உச்ச மன்றம்) 2024 ஜனவரியில் ரத்துச் செய்தது. தண்டனை நீதிமன்றத்தின் கையில், தகுதி அரசியல்வாதியின் பேனாவில் என்றால் ஏழு ஆண்டு என்ற கணக்கு ஆட்சிக்கு வேண்டாதவருக்கு மட்டும்தான்.

இதிலும் பத்திரிகைத் தமிழ் குழப்புகிறது. ஒரே ஒருவருக்குக் கொடுத்ததையும் 'பொதுமன்னிப்பு' என்று எழுதுகிறார்கள். பலரை ஒருசேர விடுவிப்பதுதான் பொதுமன்னிப்பு; தனியாளுக்குக் கொடுப்பது வெறும் மன்னிப்பு. அதிலும் நிபந்தனையற்றது வேறு, நிபந்தனையுள்ளது வேறு. நீதிமன்ற அவமதிப்புக்காக 2021இல் நான்கு ஆண்டு விதிக்கப்பட்டு பாராளுமன்ற ஆசனத்தை இழந்த நடிகர் ரஞ்சன் ராமநாயக்க, 2022 ஆகஸ்டில் வெளியே வந்தது இரண்டாவது வகையில். செய்தித் தலைப்புகளில் அதுவும் பொதுமன்னிப்புத்தான்.