சான்செல்: கருவறை இல்லை, பீடக்கட்டு

இங்கிலாந்தின் கிராமத்துப் பழைய தேவாலயங்களைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள், சான்செல் என்ற பகுதி வந்ததுமே ‘கருவறை’ என்று போட்டுவிடுகிறார்கள். பலமுறை படித்தாயிற்று. இது தவறு.

லத்தீனில் கான்செல்லி என்றால் கிராதி. அந்தக் கிராதிக்கு அப்பால், கிழக்கே பலிபீடம் இருக்கும் பகுதிதான் சான்செல். சொல் பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. சான்செலர் என்ற பதவிப் பெயரும் இதே வேர்தான். வேர் இவ்வளவே.

கருவறைக்கு வருவோம். அது சாமி குடியிருக்கும் சின்ன இருட்டறை. ஒரே வாசல், அர்ச்சகரைத் தவிர யாரும் உள்ளே போகமாட்டார்கள். சான்செல் அப்படியா? அதன் கிழக்குச் சுவரில்தான் பெரும்பாலும் தேவாலயத்தின் பெரிய சன்னல் இருக்கும். பாடகர் குழு உட்காருவது அங்கே. நற்கருணை வாங்க மக்கள் போவதும் அங்கேதான். நார்ஃபோக்கின் ரான்வொர்த் தேவாலயத்தில் 15ஆம் நூற்றாண்டு மரத்தடுப்பு இன்றும் நிற்கிறது. அடிப்பாகம் முழுக்கப் புனிதர்களின் வண்ண ஓவியம், மேற்பாகம் திறந்த வேலைப்பாடு. மறைத்தும் மறைக்காமலும் நிற்கும் அந்தத் தடுப்பை வைத்துத்தான் இடத்துக்கே பெயர். ‘கருவறை’ என்றால் இதெல்லாம் வாசகர் கண்ணுக்குத் தெரியாமலே போய்விடும். நம் கோயில் கட்டடச் சொல்தான் வேண்டுமென்றால், கருவறைக்கு முன்னால் இருக்கும் அர்த்தமண்டபமாவது கொஞ்சம் கிட்டத்தில் வரும். அதுவும் சரியில்லை.

இன்னொன்று, செலவு. சான்செலின் கூரையைப் பழுதுபார்ப்பது ஊர்த் தேவாலயத்தின் குருவான ரெக்டரின் பொறுப்பு, மக்கள் கூடும் நேவ் பகுதி ஊராரின் பொறுப்பு என்பது அங்கே இடைக்கால வழக்கம். ரெக்டரின் நிலம் கைமாறியபோது பல ஊர்களில் அந்தக் கடமையும் கூடவே போனது. வாரிக்‌ஷயரின் ஆஸ்டன் காண்ட்லோ ஊரில் ஒரு பண்ணையின் சொந்தக்காரர்கள்தான் சான்செல் பழுதுச் செலவை ஏற்க வேண்டும் என்று 2003இல், அப்போது அங்கே உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் அவை தீர்ப்பளித்தது. இதைக் ‘கருவறைப் பழுது’ என்று எழுதினால் யாருக்கு என்ன விளங்கும்?

நான் சொல்வது பீடக்கட்டு. முதல்கட்டு, இரண்டாங்கட்டு என்று வீட்டைப் பிரித்துச் சொல்வது நம் பழக்கம்தானே. அந்தக் கணக்கில் நேவ், மக்கள்கட்டு. நடுவில் நிற்பது கிராதித் தடுப்பு. கிராதி போர்த்துகீசியத்திலிருந்து வந்தது என்று தனித்தமிழ் அன்பர்கள் முகம் சுளிக்கலாம். அவர்கள் ‘அழி’ என்று சொல்லட்டும், அழி போட்ட திண்ணை தெற்கே தெரியாத சொல் இல்லை. எனக்குத் தூய்மையைவிடத் தெளிவு பெரிது, கிராதி போதும்.

மொழிபெயர்ப்பவர்கள் நம் ஊர்க் கிறிஸ்தவர்களிடம் ஒரு வார்த்தை கேட்பதே இல்லை. பாரிஷ் சர்ச்சுக்கும், அதாவது ஒரு குருவின் பொறுப்பில் உள்ள வட்டாரத்தின் தேவாலயத்துக்கும், ‘திருச்சபை’ என்று எழுதுகிறார்கள். திருச்சபை மக்களின் சபை, கட்டடம் இல்லை. கத்தோலிக்கர்கள் பாரிஷைப் பங்கு என்கிறார்கள், நெல்லைப் பக்கத்துச் சீர்திருத்த சபையார் சேகரம் என்கிறார்கள். பங்குக்கோயில் என்ற சொல் பேச்சிலேயே இருக்கிறது, அதை எடுத்து எழுதலாம்.